மறைந்த கலைஞர்களும் மலையகத்தின் நினைவும்

சென்னையில் ஒரு நடிகரோ பின்னணிப் பாடகரோ காலமானால், மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பாதை பிரியும் நோர்வூட்டில் அது அயல்வீட்டுத் துக்கமாகவே உணரப்படுகிறது. 2020 செப்டெம்பர் 25 ஆம் திகதி எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்தார். 2023 டிசெம்பர் 28 ஆம் திகதி விஜயகாந்தும், 2025 ஜூலை 14 ஆம் திகதி சரோஜாதேவியும் மறைந்தனர். இத்தகைய வேளைகளில் தோட்ட மக்கள் காட்டும் துயரத்தைச் சினிமா மோகம் என்று கூறி ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். அவர்கள் வரலாற்றை மறந்தவர்கள் என்றே நாம் கருதுகிறோம்.

இத்துயரத்தின் வேர் வெள்ளித்திரையில் மட்டும் இல்லை. வானொலிப் பெட்டியில் இருக்கிறது. 1925 இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1950 இல் வர்த்தக சேவை ஆரம்பமானதோடு திரைப்பாடல்களைக் கடல் கடந்தும் கொண்டுசென்றது. டிரான்சிஸ்டர் வானொலிகள் லயன் அறைகளை எட்டியபோது, அங்கு வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தனர். பத்திரம் எதுவும் கேளாமல், அவர்களது மொழியிலேயே அவர்களோடு பேசிய அரச நிறுவனம் அநேகமாக வானொலி ஒன்றுதான்.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கு ஏற்கவும் வகைசெய்தது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் நீலகிரியில், தங்கை நோர்வூட்டில். எனினும் கொழும்பிலிருந்து ஒலித்த பாடலை இருவரும் ஒரே நேரத்தில் கேட்க முடிந்தது. அப்பாடலைப் பாடியவர் மறையும்போது எழும் துக்கம் இரசிகரின் துக்கம் மாத்திரமன்று.

அதே வானொலியின் முஸ்லிம் சேவையும் மலையக நகரங்களின் கடைவீதிகளில் ஒலித்தது. 2015 ஏப்ரல் 8 ஆம் திகதி மறைந்த நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் பள்ளிவாசல் சூழலைத் தாண்டி, தமிழர் வீடுகளுக்கும் உரியதாக இருந்தது. மரண அறிவித்தல் வேளையில் அமரர் என்றும் மர்ஹூம் என்றும் ஒரே அறிவிப்பாளர் அடுத்தடுத்து வாசிக்கக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம்.

2017 மே 12 ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, எம்.ஜி.ஆர். இம்மண்ணில் பிறந்தவர் என்பதை நினைவூட்டியதும் இவ்வுறவை அறிந்தே. எம்.ஜி.ஆர். 1917 இல் பிறந்தது நாவலப்பிட்டியில். 'அடிமைப் பெண்' படத்துக்காகப் பாடவேண்டிய இளைஞர் காய்ச்சலில் விழுந்தபோது, வேறு பாடகரைத் தேடாமல் எம்.ஜி.ஆர். காத்திருந்ததை எஸ்.பி.பி. பலமுறை நன்றியோடு கூறியுள்ளார்.

எனினும் தமிழகக் கலைஞர்களின் பங்களிப்பு அங்கேயே நன்கு பதிவாகியுள்ளது. எந்தப் படம், எந்த ஆண்டு, யார் இசை என்பதைச் சிறுவரும் சொல்வர். நமது நாட்டுக் கலைஞர்களைப் பற்றி அவ்வாறு கூற முடியுமா?

2018 ஜனவரியில் ஒரு வார இடைவெளிக்குள் இருவரை இழந்தோம். 22 ஆம் திகதி சென்னையில் காலமான ஏ.ஈ. மனோகரன், பைலாவைத் தமிழ்ப் பொப் இசையாக்கி இந்தியாவெங்கும் கொண்டுசென்றவர். 'வாடைக்காற்று' போன்ற ஈழத்துப் படங்களில் நடித்தவரும் அவரே. 28 ஆம் திகதி மறைந்த தர்மசேன பத்திராஜ, சிங்களவராயிருந்தும் 1977 இல் யாழ்ப்பாணத்தைக் களமாகக்கொண்டு 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவர். அவரது முயற்சிக்கு உரிய இடத்தைத் தமிழ் உலகம் இன்னும் வழங்கவில்லை என்பது எமது எண்ணம்.

2025 மே 24 ஆம் திகதி மாலினி பொன்சேகா மறைந்தார். சிங்களத் திரையின் அரசியாகப் போற்றப்பட்ட அவர், 1978 இல் வெளியான 'பைலட் பிரேம்நாத்' படத்தில் சிவாஜி கணேசனின் ஜோடியாக நடித்தவர். அதில் அவருக்காகப் பாடிய வாணி ஜெயராம் 2023 பெப்ரவரி 4 ஆம் திகதியே மறைந்துவிட்டார்.

மலையகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தோரும் உண்டு. பி.எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' 1963 இல் வெளிவந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தாமே தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975 இல் வந்தது. மேலும் இரண்டு படங்களை அவர் தந்தார். தொழிற்சங்கவாதி ஒருவர் கதாநாயகனாகவும் நின்ற அதிசயத்தை இன்றைய இளைஞரில் எத்தனை பேர் அறிவர்?

கலைஞன் மறைந்தாலும் படைப்பு வாழும் என்று இரங்கலுரைகளில் வழக்கமாகக் கூறுகிறோம். படைப்பு தானாக வாழ்வதில்லை. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழர் ஒருவருக்குச் சொந்தமான அந்த நிலையத்தில் சாம்பலானவற்றுள் சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் அடங்கும். இயக்குநர் கே. வெங்கட் அந்நாட்களில் கொல்லப்பட்டார். மறுபுறம், 2023 ஜனவரியில் காலமான சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமய்' (1978) புதுப்பிக்கப்பட்டு 2025 இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. பிரதி பேணப்பட்டதும், புதுப்பிக்க ஒரு நிறுவனம் முன்வந்ததுமே அதற்குக் காரணம்.

திரைக்கும் ஒலிவாங்கிக்கும் வராத கலைஞர்களின் நிலை இதனினும் மோசமானது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றைப் பழக்கிய வாத்தியார்கள் தோட்டந்தோறும் இருந்தனர். இரவு முழுவதற்குமான பாடல்கள் அவர்களது நெஞ்சில் இருந்தன. அவர்களில் ஒருவர் மறைந்தால் தோட்டத்து மயானத்தில் தப்பு முழங்கும். அத்துடன் அப்பாடல்களும் போய்விடும். சி.வி. வேலுப்பிள்ளை 1984 இல் மறைவதற்கு முன்னரே மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்ததால்தான் அவற்றில் ஒரு பகுதியாவது நமக்கு மிஞ்சியது.

அவருக்குக் கைகொடுக்கக் கைத்தொலைபேசி இருக்கவில்லை. இன்று அது தோட்டத்து ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. வரும் மாசியில் கம்பம் நடப்படும்போது, நோர்வூட் சூழலின் பாடசாலைகளும் வாசகர் வட்டங்களும் வாத்தியாரைத் தனியே அமர்த்தி முழுப் பாடல்களையும் பதிவுசெய்யலாம். பாடியவர் பெயர், தோட்டம், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு என்ற நான்கு விபரங்களை உடன் எழுதி வைத்தல் அவசியம். பெயரில்லாத பதிவு பின்னர் எவருக்கும் பயன்படாது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் போன்ற நிறுவனத்திடம் பிரதி ஒன்றை ஒப்படைக்கலாம். வாத்தியார் உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்தால், பிழைகளை அவரே திருத்தித் தருவார்.