பல துறை கண்ட ஜேர்மானிய எழுத்தாளர்

கவிஞர் என்று ஒருவரைக் குறிப்பிட்டால், அவர் கவிதையோடு நின்றுவிடுவார் என எண்ணுவது பொதுவழக்கு. இவ்வழக்குக்கு அடங்காதவர் ஜேர்மானிய எழுத்தாளர் ஹான்ஸ் மாக்னுஸ் என்ஸென்ஸ்பேர்கர். கவிதை, கட்டுரை, நாடகம், மொழிபெயர்ப்பு, பதிப்பு, சிறுவர் இலக்கியம் ஆகிய துறைகள் யாவும் அவர் கைபட்டவை.

1929ஆம் ஆண்டு பவேரியாவிலுள்ள கௌஃப்பொய்ரென் நகரிலே பிறந்த இவர், நாசிக் கட்சியின் மாநாடுகள் நடைபெற்ற நியூரன்பேர்க் நகரில் வளர்ந்தார். பாசறைப் பாடல்களும் மேடை முழக்கங்களும் ஒரு தேசத்தின் அறிவை எவ்வாறு மயக்கின என்பதை இளமையிலேயே கண்டவர் அவர். மொழியின் மீது அவர் கொண்ட விழிப்புக்கு வித்து அதுவே எனலாம்.

1955ஆம் ஆண்டு கிளெமன்ஸ் பிரெந்தானோ என்ற கவிஞரை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றபின், ஸ்டுட்கார்ட் வானொலி நிலையத்தில் எழுத்தாளர் அல்பிரெட் அண்டர்ஷின் கீழ்ப் பணியாற்றினார். 1957இல் அவர் ‘டேர் ஷ்பீகல்’ என்னும் செல்வாக்கு மிக்க வாரச் சஞ்சிகையின் மொழிநடையை ஆராய்ந்து எழுதினார். செய்தியைச் சுவைமிக்க கதையாக்குவதால் வாசகனின் சிந்தனை மழுங்குகிறது என்பதே அவர் வாதத்தின் சாரம். கண்டிக்கப்பட்ட சஞ்சிகையே அக்கட்டுரையைச் சுருக்கி வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டில் ‘ஓநாய்களின் பாதுகாப்பு’ என்ற முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. கொடியோரை மட்டுமன்றி, அவர்களுக்கு அடங்கிக் கிடக்கும் ஆடுகளையும் அது சாடியது. 34 வயது நிரம்புமுன்பே, 1963இல், கியோர்க் பூஷ்னர் பரிசு அவருக்குக் கிட்டியது.

1965இல் ‘கூர்ஸ்பூக்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். புகையிரத நேர அட்டவணை என்பது அப்பெயரின் பொருள். மாணவர் கிளர்ச்சிக் காலத்தில் அது அரசியல் விவாதங்களின் களமாயிற்று. வானொலி கேட்கும் கருவியாக மட்டும் அமையாது, மக்கள் தம்முள் உரையாடும் கருவியாகவும் மாறவேண்டும் என்று பிரெக்ட் முன்னர் வற்புறுத்தியிருந்தார். இக்கருத்தை 1970இல் அச்சஞ்சிகையிலே என்ஸென்ஸ்பேர்கர் விரித்துரைத்தார்.

அமெரிக்காவின் போர்க் கொள்கையைக் கண்டித்து, அங்கு பெற்ற பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலை 1968இல் துறந்து கியூபாவுக்குச் சென்றார். ஆயினும் அங்கும் அவர் நம்பிக்கை நிலைக்கவில்லை. 1978இல் வெளியான ‘டைட்டானிக்கின் மூழ்கல்’ என்ற நெடுங்கவிதையில், முன்னேற்றம் பற்றிய பெருங்கனவுகளும் கப்பலோடு தாழ்கின்றன.

நிலையற்றவர் என்று அவரைப் பழித்தோர் உண்டு. கொள்கையைக் காப்பதற்காகக் கண்ட உண்மையை மறைப்பதா, உண்மைக்காகக் கொள்கையைத் திருத்துவதா? அவர் வாழ்வு எழுப்பும் வினா இதுவே. பின்னதையே அவர் தேர்ந்தார்.

1985இல் ‘மற்றைய நூலகம்’ என்ற அரிய நூல்வரிசையைத் தொடங்கி வைத்தார். 1997இல், கணிதத்தை வெறுக்கும் சிறுவனுக்குக் கனவிலே எண்களின் இன்பத்தைக் காட்டும் ‘எண் பூதம்’ என்ற நூலைப் படைத்தார். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மியூனிக் நகரிலே, தமது 93ஆவது வயதில் காலமானார். துறைகள் பலவாயினும் அவர் நோக்கம் ஒன்றே: எதையும் ஆராயாது ஏற்கலாகாது என்பது.