கரண்டி யார் கையில்?

இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் வைக்கும் பயிற்சி தயிர் ஊட்டுவது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்வார். மற்றவர் ஒரு சொல்லும் பேசாமல் மளமளவென்று ஊட்டுவார். கிண்ணத்தில் பாதி முடிவதற்குள் வகுப்பில் சிரிப்பு நின்றுவிடும். அடுத்த கரண்டி எப்போது வரும், வாயைத் துடைக்க விடுவார்களா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது அவ்வளவு சங்கடம்.

பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் டாம் கிட்வுட் இதைத்தான் வருடக்கணக்காகக் கவனித்தார். மறதிநோய் உள்ளவர்களின் மனிதத்தன்மையை அரித்துத் தின்னும் நடத்தைகள் என்று 1997இல் வந்த தன் நூலில் 17 வகைகளைப் பட்டியலிட்டார். அவசரப்படுத்துவது, குழந்தைபோல நடத்துவது, ஆள் முன்னாலிருக்க அவர் இல்லாததுபோல் பேசிக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்களல்ல என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு முக்கியமாகப்படுவது அந்தப் பட்டியலில் உள்ள இன்னொன்று: ஒருவரால் செய்யக்கூடியதையும் செய்யவிடாமல் நாமே பிடுங்கிச் செய்வது.

ஏனென்றால் நம்மவர்கள் சறுக்குவது அங்கேதான். என் வகுப்புக்கு யாழ்ப்பாணம், திருச்சி, கோட்டயம், லாகோஸ் என்று பல ஊர்க்காரர் வருகிறார்கள். அன்பில் யாரும் குறைந்தவர்களில்லை. ஆனால் பெரியவர்களுக்கு ஒரு வேலையும் வைக்காமல் பார்ப்பதே மரியாதை என்று வளர்ந்தவர்கள். ஊரில் அம்மம்மா தண்ணீர்ச் செம்பைத் தொட முன்பே நாலு பேர் ஓடி வருவோம். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களிடம், அவரே சட்டை போடட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் என்றால் கோபம் வருகிறது.

“அக்கா, பார்க்கிறதுக்குத்தானே எங்களுக்குச் சம்பளம் தருகினம்? பிறகு ஏன் அந்த மனுசியைக் கஷ்டப்படுத்தோணும்?” என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பயன்படுத்தாத கை சீக்கிரம் பலமிழக்கும் என்று மருத்துவக் காரணம் சொல்லலாம். அதைவிட, காலையில் என்ன உடுப்பது என்ற ஒரு முடிவுதான் அந்த மனுசிக்கு அன்று முழுக்கக் கிடைக்கப்போகும் ஒரே முடிவாக இருக்கலாம்.

இலண்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தமிழ் அம்மா ஒருவர் இருந்தார். ‘குளிக்க மறுக்கிறார், அடிக்கவும் வருகிறார்’ என்று கெயார் பிளானில் எழுதியிருந்தார்கள். தொட்டியில் படுக்கவைப்பதைத்தான் அவர் மறுத்தார். ஒரு வாளி, ஒரு கோப்பை, வெள்ளிக்கிழமை முழுக்கு. இவ்வளவு போதுமாயிருந்தது. அல்சைமர்ஸ் சொசைட்டி வெளியிடும் ‘இதுதான் நான்’ என்ற படிவம் இதற்காகவே இருக்கிறது: எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எது பயம், எது பழக்கம் என்று குடும்பத்தாரோடு உட்கார்ந்து நிரப்புவது. பல இடங்களில் அது வெறுமையாகக் கோப்பில் கிடக்கும்.

சட்டமும் நம் பக்கம்தான். மற்றவர்களுக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியாத முடிவை எடுக்கிறார் என்பதற்காக ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக்கூடாது என்கிறது 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். சீனி வருத்தக்காரர் லட்டுக் கேட்டால், ஆபத்தை விளங்கும்படி சொல்லலாம், சொன்னதைப் பதிவு செய்யலாம். திறனுள்ளவரிடமிருந்து தட்டைப் பறிக்க முடியாது. இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கும். பிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

பராமரிப்புப் பணியாளர்களைப் பற்றி 2013இல் பத்திரிகையாளர் கமிலா கவெண்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான கெயார் சேர்டிபிகேட் 2015 ஏப்ரலில் வந்தது. அப்போது 15 தரநிலைகள். ஐந்தாவது, ஆளை மையமாக வைத்து வேலை செய்வது. கணினியில் கேள்விக்கு விடை அழுத்தி அதை ஒரே நாளில் முடித்தேன் என்று சிலர் பெருமையாக வருகிறார்கள். வேலை செய்வதை ஒருவர் நேரில் பார்த்து மதிப்பிட வேண்டிய சான்றிதழ் அது.

வீடு வீடாகப் போகிறவர்களின் பாடு வேறு. அரைமணிக்குக் குறைந்த வருகை, சில நிபந்தனைகளோடு மட்டுமே இருக்கலாம் என்று, சுகாதாரத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2015இல் வழிகாட்டியது. பதினைந்து நிமிட வருகை இன்னும் போகவில்லை. “அவா பொத்தான் பூட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்கு அடுத்த வீடு வந்திடும்” என்கிறாள் ஒரு தங்கச்சி. உண்மைதான். எல்லாவற்றையும் விட முடியாவிட்டால், மேல் பொத்தான் இரண்டை அவரிடம் விடு என்பேன். கூடவே, நேரம் போதவில்லை என்பதை ஒவ்வொரு நாளும் குறிப்பில் எழுதச் சொல்வேன். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி குடும்பத்தார் கவுன்சிலிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அப்போது அந்தக் குறிப்புத்தான் சாட்சி.