நம் ஊர் வழியே போகும் சுற்றுலாவும் நம் வியாபாரமும்

நமது ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்துக்குச் சத்திரம் என்று பெயர். இன்று சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் வேன்களும் கார்களும் புதுச்சத்திரத்தில் நிற்காமலே போய்விடுகின்றன. நிற்பவர்களும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு, "கொல்லிமலைக்கு எந்த வழி?" என்று கேட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். அவர்களுக்குச் சரியான வழி சொல்லவும் வேண்டிய சரக்கை எடுத்துக் கொடுக்கவும் நமக்குத் தெரிந்திருந்தால், அந்த வாடிக்கையாளர் திரும்பும்போதும் நம் கடையில் வண்டியை நிறுத்துவார். ஆகவே சுற்றியுள்ள முக்கிய இடங்களைப் பற்றி இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

நாமக்கல்

1997 முதல் மாவட்டத் தலைநகராக விளங்கும் நாமக்கல்லின் நடுவே ஒரே பாறையாக நிற்கிறது மலை. படிகளில் ஏறினால் உச்சியில் கோட்டை மதில் இருக்கிறது. கோட்டைக்குள் பெருமாள் கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. மலையின் இருபுறமும் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் பாறையைக் குடைந்து அமைத்த கோயில்கள் உள்ளன. நரசிம்மர் கோயிலில் உள்ள நாமகிரித் தாயார்தான் கணித மேதை இராமானுஜனின் குலதெய்வம். நரசிம்மரை நோக்கியபடி 18 அடி உயர ஆஞ்சநேயர் மேற்கூரை இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறார். கவிஞர் இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடு வருவோரிடம் இதையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம்.

கொல்லிமலை

சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இராசிபுரம் பக்கமிருந்து வருவோருக்கு முள்ளுக்குறிச்சி வழியாகவும் பாதை உண்டு. மேலே அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கின்றன. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், திரும்ப ஏறும்போதுதான் சிரமம் தெரியும். வயதானவர்களும் இருதய நோய் உள்ளவர்களும் கேட்டால் இதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். பலத்த மழை பெய்தால் அருவியில் குளிக்கத் தடை விதிப்பதும் உண்டு. கடையேழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அவர் பெயரால் அரசு விழா நடக்கிறது. சோளக்காடு சந்தையில் அன்னாசி, பலா, மலை வாழை, மிளகு போன்றவை விற்பனைக்கு வருகின்றன.

நாள் பார்த்துக் கொள்முதல்

வெளியூர்க் கூட்டம் எப்போது வரும் என்பதைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். ஆடிப் பதினெட்டில் கொல்லிமலைக்கும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சேந்தமங்கலத்தை அடுத்த நைனாமலைப் பெருமாள் கோயிலுக்கும், மார்கழியில் அனுமன் ஜெயந்திக்கு நாமக்கல்லுக்கும் மக்கள் திரண்டு வருகிறார்கள். அனுமன் ஜெயந்தியன்று ஆஞ்சநேயருக்குச் சாத்தப்படும் மாலையில் 1,00,008 வடைகள். வேண்டுதலுக்கு வடைமாலை சாத்துவோரும் பலர். இந்த நாட்களுக்கு முன்பே கற்பூரம், ஊதுபத்தி, நெய், விளக்குத் திரி, பொரிகடலை, பிஸ்கட், குளுகோஸ், தண்ணீர் ஆகியவற்றைக் கூடுதலாக வாங்கி வைக்கலாம். மலைமிளகு, தினை, சாமை, தேன் ஆகியவற்றுக்கு நகரத்து மக்களிடம் நல்ல கிராக்கி இருக்கிறது. விளைவிப்பவரிடம் நேராக வாங்கி, கலப்படமின்றிச் சுத்தமாகப் பொட்டலமிட்டு விற்றால் இரு தரப்புக்கும் லாபம்.

பெயர் கெடாமல்

வெளியூர்க்காரர்தானே, இனி வரவா போகிறார் என்று நினைத்து விலையைக் கூட்டுவது நம் ஊருக்கே கெட்ட பெயர். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றமும் ஆகும். தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைத்திருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பை, தட்டு, குவளை, உறிஞ்சு குழல் முதலியவை தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. கடையில் இவை பிடிபட்டால் அபராதம் கட்டுவது நாம்தான். நாம் கொடுக்கும் பைதான் பிறகு மலைப்பாதை ஓரத்திலும் அருவிக்கரையிலும் கிடக்கிறது. அழுக்கடைந்த அருவியைப் பார்க்க யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். அதனால் வியாபாரம் இழப்பதும் நாம்தான். மஞ்சள் பையைக் கடை வாசலிலேயே விற்பனைக்குத் தொங்கவிடலாம்.

நமக்கும் ஒரு நாள்

வழி சொல்லும் நம்மில் எத்தனை பேர் அந்த மலைக்கோட்டையில் ஏறியிருக்கிறோம்? விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் வாழ்க்கையில் மனைவி மக்களுக்கு ஒரு நாள்கூட ஒதுக்க முடிவதில்லை. கடை ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1947 முதலே சட்டம் இருக்கிறது. அந்த ஓய்வு முதலாளிக்கும் தேவைதான். காலையில் நாமக்கல் கோயில்களும் கோட்டையும் பார்த்து, மாலையில் பிள்ளைகளோடு காற்றாட உட்கார்ந்துவிட்டு வீடு திரும்ப ஒரே நாள் போதும். செலவும் அதிகமில்லை. கொல்லிமலைக்குத் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

தானே பார்த்து வந்த இடத்தைப் பற்றி வணிகர் சொல்லும் வார்த்தையை வாடிக்கையாளர் நம்புவார். சத்திரம் என்ற பெயருக்கு ஏற்ப, வரும் வழிப்போக்கரை நல்ல சரக்கோடும் நியாய விலையோடும் உபசரித்து அனுப்புவோம்.