தலைவலிக்குப் பின்னால் ஒரு கைப்பேசி

தலைவலி என்று எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வரப்படும் பள்ளிப் பிள்ளைகளிடம், இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறார்கள் என்று நாங்கள் தவறாமல் கேட்பதுண்டு. உடன் வந்த பெற்றோர் "பத்து மணி" என்பர். பிள்ளை தரையைப் பார்க்கும்.

அவ்வாறு வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கண் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை யாவும் இயல்பாகவே இருந்தன. (அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.) தாயாரைச் சற்று வெளியே அமரச் செய்து பேசியபோது உண்மை வெளிவந்தது. இன்ஸ்டாகிராமில் அறிமுகமான ஒருவன், அவள் அனுப்பிய புகைப்படத்தை வகுப்பினர் அனைவருக்கும் அனுப்பிவிடுவதாக மிரட்டி வந்திருக்கிறான். மூன்று வாரங்களாக நள்ளிரவு கடந்தும் அவனிடம் கெஞ்சிக் கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க. ஸ்கூலையும் நிறுத்திடுவாங்க."

பெற்றோர் நம் நன்மைக்கென்று செய்வதாக எண்ணும் தண்டனையையே மிரட்டுபவன் ஆயுதமாகக் கொள்கிறான். கைப்பேசி கெடுதல் என்ற அறிவுரை பிள்ளைகளுக்குப் புதிதன்று. தவறு நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே கைப்பேசியைக் கொடுக்கும் நாளிலேயே, "எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், அதற்காகப் போனைப் பறிக்க மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

கட்டுப்பாடே வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. திரையின் ஒளி உறக்கத்தைத் தள்ளிப்போடும். அடுத்த செய்தி வருமோ என்ற பதற்றமும் உறங்க விடாது. இரவு ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜில் போடுங்கள். தந்தையாருடையதும் அங்கேயே இருக்கட்டும். (இந்த இடத்தில்தான் பல தந்தையர் எங்களோடு உடன்படுவதில்லை.) சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு விதி இன்னும் எளிது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

மிரட்டல் நேர்ந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். உரையாடல்களை அழிக்காதீர்கள், அக்கணக்கின் பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள். படத்தை உறவினருக்கு அனுப்பி ஆலோசனை கேட்கவே கூடாது. 1098 என்ற சிறார் உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. பணம் பறிபோயிருந்தால் 1930ஐ அழையுங்கள். காவல் நிலையத்திலும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் அளிக்கலாம்.

அம்மாணவியின் தாயாரிடம், மகளின் சம்மதத்தோடு நாங்களே செய்தியைச் சொன்னோம். சிறிது நேரம் அழுதார். பின்னர் உள்ளே வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது தலைவலி குறைந்திருந்தது. புகார் விசாரணையில் இருக்கிறது. அவள் பள்ளிக்குச் சென்று கொண்டிருக்கிறாள்.