தூர்ந்த கிணறும் கம்மல் பாசியும்

குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகக் கொல்லையில் அசோலா பாத்தி போட்டிருக்கிறாராம். “காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது அசோலா இல்லை, அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசிதான் என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பாசியை மட்டும் பிரித்து வளர்த்து வயலில் விட்டால் என்ன?” என்று கேட்கிறார்.

ஆய்வாளர்களும் இதே கேள்வியோடு பல காலம் மல்லுக்கட்டினார்கள். பாசியை வெளியே எடுக்கலாம். தனியே தழைக்க வைக்கத்தான் முடியவில்லை. ஏன் என்பதற்கான பதில் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தபோதுதான் தெளிவானது.

அசோலாவைக் கம்மல் பாசி என்றும் சொல்வார்கள். பெயரில்தான் பாசி, உண்மையில் அது தண்ணீரில் மிதக்கும் பெரணி. அதன் சின்னஞ்சிறு மேலிலை ஒவ்வொன்றிலும் ஒரு பொந்து உண்டு. ஓர் இலையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பச்சை மணிகளைக் கோத்தாற்போல் இழை இழையாகத் தெரியும். நடுநடுவே சற்றுப் பெரிதாய், வெளிறி, தோல் தடித்த மணிகள் இருக்கும். தழைச்சத்து தயாராவது அந்த மணிகளுக்குள்தான். அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால்தான் அத்தனை தடித்த தோல். தனித்து வாழும் பாசியில் பத்துப் பதினைந்து மணிக்கு ஒன்று இப்படி இருக்கும். அசோலாவுக்குள் நாலைந்துக்கு ஒன்று. உரத் தொழிற்சாலை 400 டிகிரிக்கு மேல் சூடும் பெரும் அழுத்தமும் கொடுத்துச் செய்வதை, இது வயல் தண்ணீரின் வெதுவெதுப்பிலேயே செய்து முடிக்கிறது.

நீலப்பச்சைப் பாசியும் பாக்டீரியா வகைதான். தனித்து வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது 1995இல். பதினைந்து ஆண்டு கழித்து, 2010இல், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் பிர்கிட்டா பெர்க்மன் குழுவினர் அசோலாவுக்குள் இருக்கும் பாசியின் தொகுதியை வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் 55 லட்சம் எழுத்துகள். தனித்து வாழக்கூடிய உறவுக்காரப் பாசி ஒன்றுக்கு 80 லட்சத்துக்கும் மேல். வியப்பு இந்த நீளத்தில் இல்லை. இருக்கும் மரபணுக்களிலும் ஏறத்தாழ 31 சதவீதம் செத்தவை.

இதைப் படித்ததும் மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அதை யாரும் இறைக்கவில்லை. முதலில் கயிறு இற்றுப்போனது. பிறகு ராட்டினம் துருப்பிடித்து நின்றது. சுவர் இடித்த செங்கல்லையும் மண்ணையும் அதில் கொட்டினார்கள். இன்று அங்கே கைப்பிடிச் சுவரின் வட்டம் மட்டும் இருக்கிறது. பார்த்தவுடன் கிணறு என்று சொல்லிவிடலாம். ஒரு வாளித் தண்ணீர் எடுக்க முடியாது.

பாசியின் செத்த மரபணுக்களும் அப்படித்தான். எதற்கான மரபணு என்று அடையாளம் தெரிகிறது, வேலை செய்யாது. சிலவற்றில் நடுவிலேயே ‘முற்றும்’ என்ற குறி விழுந்திருக்கிறது. சிலவற்றுக்குள் தாவும் மரபணுக்கள் வந்து விழுந்து அடைத்திருக்கின்றன. வெளியிலிருந்து சத்தை உறிஞ்சும் மரபணுக்கள், சர்க்கரையை உடைக்கும் மரபணுக்கள், டிஎன்ஏவைப் படியெடுக்கவும் பழுது பார்க்கவும் வேண்டியவை என்று பலதும் பழுதாகிவிட்டன. வேண்டியதைப் பெரணி கொடுத்துவிடுகிறது; பிறகு எதற்குக் கிணறு? ஆனால் தடித்த மணிகளை உருவாக்கும் மரபணுக்களும் தழைச்சத்தைப் பிடிக்கும் மரபணுக்களும் சிதையாமல் இருக்கின்றன. அன்றாடம் இறைக்கப்பட்ட கிணறுகள் அவை.

இந்தப் பாசி தலைமுறைதோறும் புதிதாகக் குடியேறுவதும் இல்லை. பெரணி வித்துறை வைக்கும்போது அதன் மூடிக்கடியில் கொஞ்சம் பாசியையும் வைத்து அனுப்புகிறது, மகள் புக்ககம் போகும்போது தாய்வீட்டு உறைமோரைக் கொடுத்துவிடுவதுபோல.

ஆகவே அம்மா, பாசியைப் பிரிக்க வேண்டாம். பிரிந்தால் அதற்குப் பிழைக்கத் தெரியாது. அசோலாவாகவே வயலில் விடுங்கள். ஆனால் மிதக்க விட்டதோடு நின்றுவிடாதீர்கள். பச்சைப் பசேலென்று வயல் மூடியிருப்பதைப் பார்த்தே பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது பிடித்து வைத்த தழைச்சத்தில் பெரும்பகுதி அதன் உடம்புக்குள்தான் இருக்கிறது. தண்ணீரை வடித்து, கோனோவீடர் ஓட்டியோ காலால் மிதித்தோ சேற்றுக்குள் அமுக்கினால்தான், மட்கி நெல்லின் வேருக்குப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் டெல்டாவில் நடவுக்கு முன் தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் விதைத்துப் பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுவது சாதாரண வழக்கமாக இருந்தது. யூரியா மூட்டை வந்தது, அந்த வழக்கம் வயலுக்கு வயல் தூர்ந்துகொண்டே வந்தது. யூரியாவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குழாய் வந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றில் செங்கல் கொட்ட வேண்டியதில்லை என்கிறேன். பாசி இழந்த மரபணு அதற்குத் திரும்பி வரப்போவதில்லை. நமக்கு அந்த நிலைமை இல்லை. தக்கைப்பூண்டு விதை இன்னும் கிடைக்கிறது. எந்தப் பருவத்தில் மடக்கி உழ வேண்டும் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த சம்பாவுக்கு முன் ஒரு மாவிலாவது விதைத்துப் பாருங்கள்.