ரப்பர் தரை, வைக்கோல் படுக்கை

குதிரை லாயத்துக்கு ரப்பர் மேட் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலையை, அடுத்துக் கேட்பது தடிமனை. வைக்கோலும் மரத்தூளும் மிச்சமாகும், கூட்டி அள்ளும் வேலை பாதியாகும் என்று கடைக்காரர் சொல்வார். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் லாயத்தை நடத்துபவருக்குக் கிடைக்கும் லாபம். நாளின் பெரும்பகுதியை அந்தத் தரையில் கழிக்கப்போகும் குதிரைக்கு என்ன கிடைக்கிறது? ரப்பர் மேட் நல்ல தரை. அதையே படுக்கை என்று எண்ணிக்கொண்டு அதன் மேல் எதையும் பரப்பாமல் விட்டால், குதிரைக்கு மிகவும் தேவையான ஒன்றை அதனிடமிருந்து பறித்துவிடுகிறோம். அதுதான் தூக்கம்.

‘குதிரை நின்றுகொண்டே தூங்கும் பிராணி, அதற்குப் படுக்கை எதற்கு?’ என்று கேட்கலாம். பாதி சரியான கேள்வி. குதிரையின் கால்களில் தசைநார்களும் மூட்டுகளும் சேர்ந்த ஒரு பூட்டு அமைப்பு இருக்கிறது. அதன் துணையால், தசைகளுக்கு அதிக வேலை கொடுக்காமல் நின்றபடியே அது கண்ணயர முடியும். ஆனால் கனவு காணும் கட்டமான ஆழ்ந்த உறக்கத்தில் உடலின் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் எந்தக் குதிரையாலும் நிற்க முடியாது. நெஞ்சை ஊன்றி முகவாயைத் தரையில் சாய்த்தோ, பக்கவாட்டில் முழுதாகச் சரிந்தோதான் அது அந்த உறக்கத்தைப் பெற வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இது கிடைத்தால் போதும். பல நாள் படுக்காமலே இருக்கும் குதிரை, நின்றபடி அந்த உறக்கத்துக்குள் வழுக்கி, முன்னங்கால் மடங்கிச் சரியும். அதன் முன்னங்கால் கணுக்களில் திரும்பத் திரும்ப வரும் சிராய்ப்புக் காயங்களுக்குப் பல நேரம் இதுவே காரணம். ஆகவே ஒரு லாயத் தரை நல்லதா என்று அறிய, குதிரை அதில் எவ்வளவு நேரம் துணிந்து படுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலில் ரப்பருக்கு முதல் பாதியில் நல்ல மதிப்பெண் கிடைக்கிறது. மாடு எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும். குதிரையோ முன்னங்கால்களை முன்னே நீட்டி ஊன்றி, பின்னங்கால்களால் உந்தி எழும். ஈரமான சிமென்ட் தரையில் அந்த உந்தலின்போது லாடம் அடித்த குளம்பு வழுக்கும். ஒருமுறை வழுக்கிய குதிரை மறுமுறை படுக்கத் தயங்கும். ரப்பர் அந்தப் பிடிமானத்தைத் தருகிறது. சிமென்டைப் போல உடற்சூட்டை உறிஞ்சுவதுமில்லை, தோலைத் தேய்ப்பதுமில்லை. ஆனால் மெத்தென்று இருக்கிறதா? 500 கிலோ எடையுள்ள குதிரையின் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களில் இறங்குகிறது. அதாவது குளம்பு ஒன்றுக்கு 150 கிலோ. குளம்பின் பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒன்றரை கிலோ. அதற்கே கெட்டியான ரப்பர் மிகச் சிறிதளவுதான் அமுங்கும். அதே குதிரை படுத்து, பாரம் அரை சதுர மீட்டரில் பரவினால் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம்தான் வரும். அந்த அழுத்தத்தில் 20 மில்லிமீட்டர் மேட் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கே இறங்கும். நிற்கும் குளம்புக்குச் சற்றே இளகும் அதே ரப்பர், படுக்கும் உடலுக்குக் கல்தரைதான். பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பு, முழங்கை போன்ற துருத்திய இடங்களில் விழும். வைக்கோலோ அங்குலக் கணக்கில் அமுங்கி, உடலின் வளைவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ரப்பர் மேட்டின் மேல் பரப்பும் படுக்கையை 15 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டராகக் குறைத்துப் பார்த்த ஆய்வில், குதிரைகள் பக்கவாட்டில் சரிந்து படுக்கும் நேரம் குறைந்தது என்பதில் வியப்பில்லை.

ஈரத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு குதிரை நாளொன்றுக்குப் பல லிட்டர் சிறுநீர் கழிக்கிறது. அதிலுள்ள யூரியாவை லத்தியிலும் தரையிலும் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக உடைக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். ரப்பர் ஒரு சொட்டையும் உறிஞ்சாது. உறிஞ்ச வேண்டியது மேலே பரப்பும் பொருள்தான். அது இல்லையென்றால் சிறுநீர் மேட்டின் மேலே தேங்கும், அல்லது இடுக்குகள் வழியே அடியில் இறங்கி நாட்கணக்கில் புளிக்கும். அம்மோனியா தரையருகே பிறப்பதால், படுத்திருக்கும் குதிரையின் மூக்குக்கே அது முதலில் எட்டும். மூச்சுக்குழாயின் உட்பூச்சை அது அரிக்கிறது. ஓயாத ஈரம் குளம்படியில் உள்ள முக்கோண மெத்தைப் பகுதியை அழுகச் செய்கிறது.

எதிர்வாதங்கள் இரண்டு. காட்டுக் குதிரைகள் கட்டாந்தரையில்தானே வாழ்ந்தன என்பது முதலாவது. அவை ஓயாமல் நடந்தன, ஒவ்வொரு அடியிலும் விரிந்து சுருங்கும் குளம்பு கால் ரத்தத்தை மேலே தள்ள உதவியது, படுக்கும் இடத்தையும் அவையே தேர்ந்தெடுத்தன. 12 அடிக்கு 12 அடி அறையில் அடைத்த குதிரைக்கு அந்தத் தேர்வு இல்லை. அதன் சார்பில் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டாவது வாதம் வலுவானது: வைக்கோலின் தூசியும் பூஞ்சை வித்துகளும் குதிரைக்கு இளைப்பு நோயை உண்டாக்கும், ஆகவே வெறும் ரப்பரே ஆரோக்கியம் என்பது. தூசி கெடுதல் என்பதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு, தூசி நீக்கிய மரச்சீவலும், பூஞ்சை பிடிக்காத உலர்ந்த வைக்கோலும், காற்றோட்டமும். தூசிக்கு அஞ்சிப் படுக்கையையே எடுத்துவிட்டால், தூசியின் இடத்தில் அம்மோனியாவை உட்காரவைக்கிறோம்.

இதை ஏற்றுக்கொண்டால், எந்த மேட் என்பதில் குழப்பம் குறையும். மாட்டுக் கொட்டகைக்கென்று விற்கும் மெல்லிய, இளகிய மேட்டை லாடத்தின் இரும்பு விளிம்பு சீக்கிரமே கிழித்துவிடும். குதிரைக்கு 17 முதல் 20 மில்லிமீட்டர் வரை கெட்டியான மேட் வேண்டும். டயர்த் துகள்களைப் பசையிட்டு ஒட்டியவற்றில் நுண்துளைகள் வழியே சிறுநீர் ஊறும். ஒரே பாளமாக வார்த்ததில் ஊறாது. ரப்பரை அமுக்கினால் அதன் கனஅளவு குறையாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். அடிப்பக்கத்தில் குமிழ்களோ பள்ளங்களோ உள்ள மேட் சற்றே கூடுதலாக இளகுவதற்குக் காரணம், பிதுங்க அங்கே இடம் இருப்பதே. ஆனால் அதே பள்ளங்களில் சிறுநீரும் தேங்கும். எனவே கீழே சமமான, வடிகாலை நோக்கி லேசாகச் சரிந்த தரையும், சுவருக்குச் சுவர் இடைவெளியின்றிப் பொருந்தும் விரிப்பும் அவசியம். 4 அடிக்கு 6 அடி மேட் ஆறு இருந்தால் 12 அடிச் சதுர அறை நிறையும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிலோ இருக்கும் என்பதால், தூக்கிக் கழுவ இரண்டு பேர் வேண்டும். அந்த உழைப்பையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரப்பர் வந்தபின் வைக்கோலைக் கொஞ்சம் குறைக்கலாம். நிறுத்தக் கூடாது. எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் குதிரையே சொல்லும். விடியற்காலையில் அதன் விலாவிலும் தொடையிலும் வைக்கோல் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது இரவில் படுத்து உறங்கியிருக்கிறது. உடம்பு துடைத்துவைத்தாற்போல் இருந்து, நாள்தோறும் அப்படியே தொடர்ந்தால், தரையில் ஏதோ குறை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.