ஆடியில்லாக் கமராவும் மலைநாட்டு மூடுபனியும்

பொகவந்தலாவைத் தூய மரியாள் ஆலய வளவில் ஜூலியா மார்கிரெட் கமரோன் அம்மையாரின் கல்லறை உளது. நம் மாணவர் வரலாற்றுப் பாடத்திற் பயிலும் கோல்புறூக் – கமரோன் விசாரணைக் குழுவினருள் ஒருவரின் மனைவியார் இவர். ஒளிப்படக் கலையின் முன்னோடியுமாவார். 1875இல் இலங்கை வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ண் தோட்டத்திற் காலமானார். பெரிய மரப்பெட்டியும், ஈரமருந்து பூசிய கண்ணாடித் தட்டுகளுமே அவர் கருவிகள். களுத்துறையில் விருந்தினராய்த் தங்கிய ஓவியர் மரியான் நோர்த்தையும், தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். ஓவியரின் பெயர் நிலைத்தது. தொழிலாளர் பெரும்பாலார் பெயர் நிலைக்கவில்லை.

அம்மரப்பெட்டியில் ஆடி இல்லை. பிற்காலத்தில் வந்த ஒருவகைக் கமராவில், வில்லையினூடு புகும் ஒளியைச் சாய்ந்து நிற்கும் ஆடியொன்று மேலே தெறிக்கச் செய்யும். ஐங்கோண அரியம் அதனைக் கண்ணுக்குச் செலுத்தும். படம் பதியும் கணத்தில் ஆடி எழுந்து வழிவிடும். அது எழுவதற்கு இடம் வேண்டுமாதலின், வில்லைப் பூட்டுக்கும் படச்சுருளுக்கும் இடையே ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் இடைவெளி விடப்பட்டது. 2008 ஓகஸ்டில் ஒலிம்பஸ், பனசொனிக் நிறுவனங்கள் ஆடியை நீக்கிய புதுமுறையை அறிவித்தன. அவ்வாண்டே பனசொனிக் ஜி1 வெளிவந்தது. இடைவெளி 20 மில்லிமீற்றரளவாகக் குறுகிற்று. கருவி சிறுத்தது; நடுவே வளையமொன்று பொருத்திப் பழைய வில்லைகளையும் பூட்ட முடிந்தது. ஆடியின்மை மட்டும் புதுமையன்று. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவிலும் ஆடி இல்லை. ஆயின் அதிற் கண் பார்க்கும் வழி வேறு, படம் பதியும் வழி வேறு.

நுவரெலியாவிலோ அட்டனிலோ மூடுபனி கவிந்த காலைப்பொழுதில் இப்புதுமையின் பயன் விளங்கும். கமராவின் ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனவே கொள்ளும். ஆகவே வெண்பனி மங்கிச் சாம்பலாகும். அதன்முன் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகமோ கருநிழலாய் ஒழியும். அரியத்தினூடு நோக்குபவர் காண்பது இயற்கை ஒளியையே. பிழை படம் வந்தபின்னரே புலப்படும். ஆடியில்லாக் கமராவில், உணரி பெறும் உருவமே சிறு மின்திரையில் தோன்றுகின்றது. முகம் இருள்வதை முன்னரே கண்டு, ஒளியளவை ஓரிரு படி கூட்டி, கண்ணும் நகையும் தெளிந்தபின் எடுக்கலாம். கூடையும் சேலையும் தெரிய முகமிழந்து நிற்கும் தோட்டப் பெண்களை அஞ்சலட்டைகளில் எத்தனை கண்டிருக்கின்றோம்!

குறைகளும் உள. திரை ஓயாது இயங்குவதால் மின்கலம் விரைவில் தீரும். தொடக்கக்காலக் கருவிகள் உருவத்தின் ஒளி – நிழல் வேறுபாட்டை அளந்தே குவியங் கண்டன; பனியில் அவ்வேறுபாடு குன்றுதலின் தடுமாறின. வில்லையைக் கழற்றுங்கால் உணரி வெளிப்படுதலின், சாரல் வேளையில் அதனைத் தேயிலை மலையில் நின்று மாற்றாது, லயத்து இஸ்தோப்பில் ஒதுங்கி மாற்றுவதே நன்று.